ஆறரை மணி ரத்தம்

பிரிஜெட் அம்மாள் மல்லேஸ்வரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது திங்கட்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு வெயிலில் நடந்து வந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றை எடுத்து ருக்குவின் முன்னால் வைத்தார். பிறகு, வெறுங்கையோடு வந்ததாக இருக்கக் கூடாது என்று நினைத்தவர் போல, காகிதத்தில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

"குழந்தை யேசு கோயில்ல மந்திரிச்ச உப்பு மேடம். நிலைப்படியில கொஞ்சம் தூவுங்க. வீட்டுக்கு நல்லது."

ருக்கு கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். இருபத்தேழு வருடம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு மரணத்தில் எண்கள் சரியாகப் பொருந்தவில்லை என்றால் டாக்டர்களே அவரைக் கூப்பிடுவார்கள். அவசரப்பட்டு அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அவசரத்துக்கு நரேஷ் இருந்தான். மாடியில் குடியிருப்பவன்; இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக ஆஸ்பத்திரிக் காகிதங்களைச் சரிபார்ப்பது அவன் பிழைப்பு. நாற்பதை எட்டப்போகிற வயதிலும், யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு இறங்கி வந்துவிடுவான். இப்போதும் அப்படித்தான் வந்து நின்றான். பொட்டலத்தைப் பிரித்து, மரியாதைக்கு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டான். உப்புக் கரிப்போடு ஒரு கசப்பும் தெரிந்தது. கோயிலில் சாம்பிராணிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"என் பொண்ணு ஆஞ்சலா நீங்க இருந்த ஆஸ்பத்திரியிலதான் குழந்தைங்க வார்டுல நர்ஸ் மேடம். பதினோரு வருஷ சர்வீஸ். ஏழு மாசக் குழந்தைக்கு ஊசி போட்டுக் கொன்னுட்டான்னு சொல்றாங்க." பிரிஜெட் அம்மாளின் குரல் உடைந்தது. "புதன்கிழமை பதினோரு மணிக்கு என்கொயரி. அது முடிஞ்ச கையோட போலீசுக்கு எழுதிடுவாங்களாம். அவ சனிக்கிழமையில இருந்து ஒரு வாய் சோறு தின்னல."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"அவ அப்பா ஞானசேகரன். பி.பி. ஆளு, இந்த விஷயத்தைக் கேட்டதுல இருந்து படுத்தே கெடக்கார். பையன் க்ளென் பாரின்ல, பெர்த்துல செட்டில் ஆயிட்டான். அப்பாவுக்கு பி.பி. மெஷின், சாக்ஸ், சமையலுக்கு உப்பு வரைக்கும் பார்சல் பண்ணுவான். இந்த மாதிரி நேரத்துல வந்து நிக்க மட்டும் மாட்டான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "யாரு பண்ணாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். அந்தப் பேர் என்கொயரி பேப்பர்ல வரணும். என் பொண்ணு பேர் அதுல இருந்து போகணும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்" என்றார் பிரிஜெட் அம்மாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சூப்பரின்டென்டென்ட் சுந்தரராமன் கேஸ் ஷீட்டை அவர்களிடம் கொடுத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மூன்று நாளாகத் தூங்காததால், யார் தலையிலாவது பழியைப் போட்டு முடித்தால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தார். ருக்கு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நரேஷ் நோட்டில் தேதிவாரியாக எழுதிக்கொண்டான்.

குழந்தையின் பெயர் டிரேவர். ஜீவனஹள்ளியில் வீடு. தாய் சோஃபியா கார்மென்ட்ஸ் பேக்டரியில் தையல் வேலை செய்கிறவள், தகப்பன் பெயின்டர். போன செவ்வாய்க்கிழமை காய்ச்சலோடும் வாந்தியோடும் துவண்டு போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சிறுநீரில் கிருமி. ரத்தத்தில் சோடியம் நூற்றுப் பத்தொன்பது, மிகக் குறைவு. பொட்டாசியம் ஏழரை, மிக அதிகம். அதோடு ரத்தத்தில் அமிலமும் கூடியிருந்தது.

"சிறுநீர்ல கிருமி இருந்தா ரத்தத்துல உப்பு எப்படி மேடம் மாறும்?" என்று கேட்டான் நரேஷ்.

"உப்பைப் பிடிச்சு வெச்சுக்கோ, பொட்டாசியத்தையும் அமிலத்தையும் வெளியில தள்ளுன்னு சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோன் கட்டளை போட்டுண்டே இருக்கும். இந்த மாதிரி கைக்குழந்தைக்குக் கிருமி ஏறினா, சில சமயம் சிறுநீரகத்துக்கு அந்தக் கட்டளை காதுல விழாது. உப்பு ஓடிப்போயிடும், மத்த ரெண்டும் தேங்கி நிக்கும். பொட்டாசியம் ரொம்ப ஏறினா இதயம் நின்னுடும். ஆனா கிருமியை அடக்கினா ரெண்டு மூணு நாள்ல காது திரும்பிடும்."

திரும்பத்தான் ஆரம்பித்திருந்தது. புதன்கிழமை மாலை பொட்டாசியம் நாலே முக்காலுக்கு இறங்கி, குழந்தை சிரித்ததாகக்கூட ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். வியாழக்கிழமை மாலை அது ஐந்தே முக்காலுக்கு ஏறியது. மருந்து கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஆறு, இரவு ஏழு. மறுபடி மருந்து. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஞ்சலா டூட்டிக்கு வந்தாள். எட்டரைக்கு டிரிப் ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினாள். எட்டு நாற்பதுக்கு இதயம் நின்றது. அப்போது எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் ஒன்பதுக்கு மேல். முக்கால் மணி நேரம் போராடியும் குழந்தை திரும்பவில்லை.

"சாயங்காலம் மருந்து அலமாரியைச் சரிபார்த்தோம்" என்றார் சுந்தரராமன். "பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்து, ஒரு ஆம்பியூல் குறையுது. ஆன்டிபயாடிக்னு நினைச்சு எடுத்தாளோ, வேணும்னே எடுத்தாளோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வேற என்ன மேடம் நினைக்கறது?"

"கிருமி என்ன ஆச்சு?"

"கிருமியா? அது அடங்கிடுச்சு. வியாழக்கிழமைக்கு மேல காய்ச்சலே இல்ல."

"நோய் இறங்கறது, பொட்டாசியம் மட்டும் ஏறறது" என்றார் ருக்கு. வேறெதுவும் சொல்லாமல் எழுந்து வார்டுப் பக்கம் நடந்தார்.

ஆம்பியூல் விஷயத்தை நரேஷே முடித்துவைத்தான். பக்கத்து அறுவை சிகிச்சை வார்டின் அலமாரியை எண்ணிப் பார்த்தபோது அங்கே கணக்குக்கு மேல் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை அவசரத்துக்குக் குழந்தைகள் வார்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்ததாகவும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டதாகவும், கடைசியில் அது தேவைப்படவே இல்லை என்றும் அந்த வார்டு நர்ஸ் கன்னடமும் தமிழுமாகக் கலந்து சொன்னாள். ஒரு உயிர்ப் பழி இந்த 'அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' மேல் நின்றிருக்கிறதே என்று நினைத்தபடி நரேஷ் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

ருக்கு இதற்குள் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்தார். அங்கே சுப்ரமணியன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவரிடம் வேலை கற்றவன். இப்போது இரவு ஷிப்ட் அவன் பொறுப்பு.

"சனிக்கிழமை காலையில இந்தக் குழந்தைக்கு வழக்கமான ரத்தம் எடுத்திருப்பாங்களே. கேஸ் ஷீட்ல அந்த ரிப்போர்ட் இல்ல" என்றார் ருக்கு.

"ஆறரை மணிக்கு வந்துச்சு மேடம். ரத்தம் உடைஞ்சிருந்ததால கேன்சல் பண்ணிட்டு, மறுபடி அனுப்பச் சொல்லி ஏழே காலுக்கு மெசேஜ் போட்டேன். ஷிப்ட் மாறினதும் எடுக்கறோம்னாங்க. அதுக்குள்ள அது..."

ரத்தம் உடைவது என்றால் என்ன என்று நரேஷுக்குத் தெரியும். குதிகாலைக் குத்திப் பிழிந்து எடுக்கும்போது ரத்த அணுக்கள் நசுங்கி, அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். மெஷின் பொய்யாக ஒரு பெரிய எண்ணைக் காட்டும். அப்படிப்பட்ட ரத்தத்தைச் சுழற்றித் தெளியவைத்தால் மேலே நிற்கும் நீர் சிவப்பாக இருக்கும்.

"ட்யூபை எடு. ஏழு நாள் வெச்சிருக்கணுமே" என்றார் ருக்கு.

குளிர்பெட்டியிலிருந்து வந்த ட்யூபை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே நின்ற நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. சிவப்பின் சாயைகூட இல்லை.

"அன்னிக்கு இதைப் பார்த்தியா?"

சுப்ரமணியன் ட்யூபை வாங்கி அவனும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "மெஷின் நம்பரைப் பார்த்தேன். எட்டரை. பச்சைக் குழந்தைக்கு எட்டரை வந்தா உடைஞ்ச ரத்தம்தான்னு... ட்யூபைப் பாக்கல மேடம்." அவன் கை சுவரைக் காட்டியது. அங்கே பழுத்துப்போன ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'பொட்டாசியம் எட்டுக்கு மேல்: மறு மாதிரி கேட்கவும்.' எழுத்து ருக்குவுடையது.

"ட்யூபைப் பார்த்துட்டுக் கேக்கணும்னு வாயால சொல்லிக் குடுத்தேன். தாள்ல இடம் இல்லைன்னு அதை எழுதாம விட்டேன்" என்றார் ருக்கு. அவர் முகத்தில் அப்படி ஒரு தோல்வியை நரேஷ் அதுவரை பார்த்ததில்லை. ஆறரை மணிக்கு யாராவது அந்த எண்ணை நம்பியிருந்தால் இரண்டு மணி நேரம் கையில் இருந்திருக்கும். குழந்தை பிழைத்திருக்கலாம்.

ஆனாலும் நரேஷால் அடக்க முடியவில்லை. "மேடம், ஆஞ்சலா வந்ததே எட்டு மணிக்கு! அவங்க வர்றதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே எட்டரை ஏறியாச்சு. அப்போ நைட் டூட்டி நர்ஸ்!"

"இல்ல. ஊசியில போட்டா ஒரேயடியா எகிறி, அந்த நிமிஷமே இதயம் நிக்கும். இது அஞ்சே முக்கால், ஆறு, ஏழு, எட்டரைன்னு மருந்தையும் மீறிப் படிப்படியா ஏறியிருக்கு. அதோட குளோரைடைப் பார். அதுவும் கூடவே ஏறியிருக்கு. சோடியம் மட்டும் நின்ன இடத்துலயே நிக்கறது. குழந்தைக்குப் பொட்டாசியம் குளோரைடு போயிருக்கு, வாய் வழியா, பல தடவையா."

"ராத்திரி பூரா குழந்தை பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டு, பதிலைத் தானே உணர்ந்து, நரேஷ் நோட்டை மூடினான்.

சுந்தரராமனுக்கு அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது; அதுதான் நரேஷுக்குத் தாங்கவில்லை. "அப்போ தாய்தானா? அப்படியே எழுதிடலாமா?"

"நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் டைம் இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு ருக்கு ஆட்டோ பிடிக்கப் போனார்.

ஜீவனஹள்ளியில் ஒற்றை அறை வீடு. சோஃபியாவுக்கு இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருக்காது. பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் இருந்தாள். மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். புருஷன் வாசலில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். ருக்கு தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் உன்கிட்ட என்னம்மா சொன்னார்?"

"பாப்பா உடம்புல உப்பு கம்மியாயிடுச்சுன்னார். தினமும் அதான் சொன்னாங்க. உப்பு இன்னும் ஏறல, உப்பு இன்னும் ஏறலன்னு."

"அதனால நீ குடுத்தியா?"

சோஃபியா நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் இருந்த புருஷனும் திரும்பினான். அவள் அழவில்லை, எங்காவது சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தவள் போலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"மந்திரிச்ச உப்பும்மா. ஆஞ்சலா சிஸ்டர் வியாழக்கிழமை காலையில நவநாள் பூசைக்குப் போயிட்டு டூட்டிக்கு வந்தாங்க. நான் அழுறதைப் பார்த்துட்டு, ஒரு சின்ன பாட்டில்ல குடுத்தாங்க. நெத்தியில வெச்சு, நாக்குல ஒரு துளி வையின்னாங்க. அவங்க சொன்னது அவ்ளோதான். மிச்சம் நானா பண்ணது. ஒவ்வொரு தடவ பால் குடுக்கறப்பவும் ஒரு சிட்டிக. வெள்ளிக்கிழமையும் உப்பு ஏறலன்னதும், ராத்திரி அரை ஸ்பூன் தண்ணியில கரைச்சு, சர்க்கரை போட்டு, பாலாடையில மூணு தடவ குடுத்தேன். வெளிய இருந்து எதுவும் குடுக்கக் கூடாதுன்னு வார்டுல போர்டு போட்டிருக்கு. அதான் யார்கிட்டயும் சொல்லல."

அலமாரியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த பாட்டிலை அவளே எடுத்துக் கொடுத்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது நரேஷுக்குக் குழப்பமாக இருந்தது. "உப்பு குறைஞ்ச குழந்தைக்கு உப்பு. அளவு தப்பா இருக்கலாம். ஆனா அது எப்படி மேடம் பொட்டாசியத்தை ஏத்தும்?"

"ஏத்தாது. அது நிஜமான உப்பா இருந்திருந்தா சோடியம் ஏறியிருக்கும். டாக்டர் டிரிப்புல ஏத்தினதும் அதே உப்புதான். கூடக் கொஞ்சம் போனா அந்தக் குழந்தைக்கு அதுவே மருந்து. நேத்து அந்த அம்மா குடுத்த பொட்டலம் எங்க?"

நரேஷுக்கு நாக்கின் ஓரத்தில் அந்தக் கசப்பு நினைவுக்கு வந்தது. "உங்க மேஜையில இருக்கு. அது... கசந்துச்சு மேடம்."

மல்லேஸ்வரம் வீட்டுச் சமையலறையில் ருக்கு ஜன்னலைச் சாத்தி, கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு கரண்டிக் காம்பை நனைத்துத் தன் வீட்டு உப்பில் தொட்டு நீல ஜுவாலையில் காட்டினார். மஞ்சளாக எரிந்தது. காம்பைக் கழுவித் துடைத்துவிட்டு பிரிஜெட் அம்மாளின் பொட்டலத்தில் தொட்டுக் காட்டினார். ஜுவாலை வெளிறிய ஊதா நிறமானது. சோஃபியாவின் பாட்டிலில் இருந்ததும் அதே ஊதாதான்.

"சோடியம் மஞ்சளா எரியும். ஊதா பொட்டாசியம்" என்று அடுப்பை அணைத்தார். "நாளைக்குக் காலையில சுப்ரமணியன் மெஷின்ல போட்டு எண்ணாவே குடுப்பான். நரேஷ், அந்த அம்மா என்ன கேட்டா, ஞாபகம் இருக்கா?"

நரேஷுக்கு ஞாபகம் இருந்தது. யாரா இருந்தாலும் என்று பிரிஜெட் அம்மாள் சொல்லியிருந்தார். இந்த வழக்கில் இறங்காமலே இருந்திருக்கலாம் என்று முதல்முறையாக அவனுக்குத் தோன்றியது.

விவேக் நகர் வீட்டில் விளக்கு வைத்து ஜெபம் முடிந்திருந்தது. ஞானசேகரன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆஞ்சலா சுவரோரமாகத் தரையில் இருந்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி, நாலு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தாள். பிரிஜெட் அம்மாள் இவர்களைப் பார்த்ததும் ஆவலோடு எழுந்தார்.

"கெடச்சுதா மேடம்? யாருன்னு தெரிஞ்சுதா?"

"ஆஞ்சலா ஊசியில எந்தத் தப்பும் பண்ணல. அதுக்கு அத்தாட்சி இருக்கு" என்றார் ருக்கு. பிரிஜெட் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். ருக்கு அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். "கோயிலுக்கு எடுத்துண்டு போன உப்பு எந்த உப்பு? அதைக் கொஞ்சம் காட்டுங்கோ."

"உப்பா?" பிரிஜெட் அம்மாள் ஒன்றும் புரியாமல் சமையலறைக்குப் போய், வெள்ளை நிறத்தில் ஒரு உயரமான டப்பாவைக் கொண்டுவந்தார். "க்ளென் அனுப்பினது. அவருக்கு பி.பி.ன்னு இந்த உப்புதான் போடச் சொன்னான். கசக்குதுன்னு இவர் தொடவே இல்ல, ரெண்டு டப்பா அப்படியே கெடந்துச்சு. போன மாசம் மழையில நம்ம கடை உப்பு தண்ணி விட்டுப்போயி கட்டி கட்டியா நின்னுச்சு. சாமிக்கு முன்னாடி வைக்கறதாச்சே, பொடியா, வெள்ளையா, பாரின் உப்பா இருக்கட்டும்னு இதைப் பாட்டில்ல கொட்டி எடுத்துட்டுப் போனேன். ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்தார். ஆஞ்சலாவுக்கு ஒரு சின்ன பாட்டில்ல குடுத்தேன், தெரு முழுக்கக் குடுத்தேன். ஏன் மேடம்?"

ருக்கு டப்பாவை ஆஞ்சலாவிடம் நீட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரே ஒரு பொருளின் பெயர்தான் அச்சாகியிருந்தது. ஆஞ்சலா படித்தாள். பதினோரு வருடம் அந்தப் பெயரை ஆம்பியூல்களில் படித்தவள். டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் தன் முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிரிஜெட் அம்மாளுக்கு ருக்கு மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பி.பி. இருப்பவர்களுக்காகச் சோடியத்தை எடுத்துவிட்டுப் பொட்டாசியத்தைப் போட்ட உப்பு அது. நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள் ஒரு சிட்டிகை சாப்பிட்டால் உடம்பு வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாத ஒரு குழந்தை இருந்தது. அதற்கு உப்பு குறைவு என்று டாக்டர்கள் சொன்னார்கள், உண்மைதான். அந்தத் தாய் உப்பு என்று நம்பிக் கொடுத்தாள். ஆஞ்சலா உப்பு என்று நம்பிக் கொண்டுபோனாள். ஆறரை மணிக்கு ரத்தம் உண்மையைச் சொன்னது, அதை நாங்கள் நம்பவில்லை.

"அப்போ நானா?" என்றார் பிரிஜெட் அம்மாள். டப்பாவைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். "மேடம், நானா?"

"யாரும் வேணும்னு பண்ணல" என்றார் ருக்கு. அந்த வார்த்தை யாருக்கும் உதவாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

ஆஞ்சலா தலை நிமிர்ந்தாள். அவள் பேசி நரேஷ் கேட்பது அதுதான் முதல்முறை. "மேடம், இதை எழுதாதீங்க. ஊசியில நான்தான் தப்புப் பண்ணேன்னே இருக்கட்டும். ஜெயிலுக்குப் போறேன். சோஃபியாவுக்கு மட்டும் தெரிய வேணாம். தான் கையால குடுத்தோம்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு உயிரோட இருக்க மாட்டா."

"பைத்தியக்காரி!" என்று ஞானசேகரன் கட்டிலிலிருந்து கத்தினார். "பண்ணாத கொலைக்குப் போறேங்கறியா?"

"என்னால பொய் எழுத முடியாதும்மா" என்றார் ருக்கு. "ட்யூபும் பாட்டிலும் அங்க இருக்கு. ஆஸ்பத்திரி இப்பவே தாய் மேல எழுதத் தயாரா இருக்கு. முழு உண்மையையும் எழுதினாத்தான் நீங்க ரெண்டு பேருமே கொலைகாரி ஆகாம தப்பிப்பேள். எப்படியும் அவளுக்குத் தெரியப்போறது. ஆஸ்பத்திரிக் கடிதத்துல படிக்கணுமா, யாராவது நேர்ல போய்ச் சொல்லணுமாங்கறதுதான் நம்ம கையில இருக்கு."

"நான் சொல்றேன்" என்றார் பிரிஜெட் அம்மாள்.

புதன்கிழமை விசாரணை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. போலீசுக்கு எந்தக் கடிதமும் போகவில்லை. சுப்ரமணியன் தன் தவற்றைத் தானே எழுதிக் கொடுத்தான். ருக்கு பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழித்து எடுத்தார். ஆஞ்சலாவைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்கள்; அவள் அங்கேயே ராஜினாமா எழுதிக் கையெழுத்திட்டாள். அந்த உப்பு போன பதினோரு வீடுகளிலிருந்தும் நரேஷ் காலையிலேயே அதைத் திரும்ப வாங்கி வந்திருந்தான். ஏன் என்று கேட்டவர்களிடம் அவனால் ஒரு பொய்கூட உருப்படியாகச் சொல்ல முடியவில்லை.

மதியம் ருக்கு, நரேஷ், ஆஞ்சலா, பிரிஜெட் அம்மாள் நாலு பேரும் ஜீவனஹள்ளிக்குப் போனார்கள். சோஃபியாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஆஞ்சலாவைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"உங்களைச் சொன்னாங்களே சிஸ்டர், நான் நம்பவே இல்ல. யார் யாரோ என்னென்னவோ மருந்து குடுத்தாங்க. நான் சும்மா பக்கத்துல உக்காந்து பார்த்துட்டே இருந்தேன். நீங்க குடுத்த அந்த உப்பு மட்டும்தான் என் கையால அவனுக்குச் செஞ்சது. அதை நினைச்சாத்தான் கொஞ்சம் ஆறுதலா இருக்கு."

பிரிஜெட் அம்மாள் திரும்பிப் போய்விடுவார் என்று நரேஷ் நினைத்தான். மனதார அதையே விரும்பினான். உண்மை வெளிவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இத்தனை வருடம் தான் நம்பியதெல்லாம் எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் என்று அந்த வாசலில் நின்றபோது அவனுக்குப் புரிந்தது.

பிரிஜெட் அம்மாள் திரும்பவில்லை. சோஃபியாவின் முன்னால் தரையில் மண்டியிட்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, டப்பாவைப் பற்றியும் மழையில் கட்டிபட்ட கடை உப்பைப் பற்றியும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "தப்பு என்னோடது. உன்னோடது இல்ல. என்னை என்ன வேணா பண்ணு" என்று முடித்தார்.

சோஃபியா கையை உருவிக்கொள்ளவில்லை. அடிக்கவில்லை, கத்தவில்லை. சொன்னதெல்லாம் உள்ளே போய்ச் சேர நேரம் பிடித்தது. பிறகு ருக்குவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மூணாவது தடவ அவன் வேணாம்னு துப்பினான்மா. தலையைத் திருப்பித் திருப்பிக்கிட்டான். நான்தான் மூக்கைப் பிடிச்சு ஊத்தினேன்."